ஐந்து கிராம் காபி, ஒரு கிராம் அலுமினியம்

குங்குமச் சிமிழை நினைத்துக்கொள்ளுங்கள். அதைவிடக் கொஞ்சம் பெரிதாக, அலுமினியத்திலோ பிளாஸ்டிக்கிலோ செய்த ஒரு சிமிழ். உள்ளே ஐந்தாறு கிராம் வறுத்து அரைத்த காபித் தூள். அதை ஒரு மெஷினில் போட்டுப் பொத்தானை அழுத்தினால், மெஷின் சிமிழில் ஓட்டை போட்டு, வெந்நீரை அதிக அழுத்தத்தில் உள்ளே செலுத்துகிறது. அரை நிமிடத்தில் நுரை ததும்பும் காபி கோப்பையில், சிமிழ் குப்பையில். வடிகட்ட வேண்டாம், கழுவ வேண்டாம், காத்திருக்க வேண்டாம். மேலை நாடுகளின் சமையலறைகளில் எப்போதோ குடியேறிவிட்ட இந்தக் காப்ஸ்யூல் காபி, இப்போது இந்தியாவிலும் முறையாகக் கடை விரித்திருக்கிறது.

நெஸ்லே நிறுவனம் தன் நெஸ்பிரஸோ காப்ஸ்யூல்களை இந்தியாவுக்குக் கொண்டுவரப் போவதாக 2024ல் அறிவித்தது. 2025ல் டெல்லியில் முதல் கடை திறந்தது. நட்சத்திர ஹோட்டல் அறைகளில் இந்த மெஷினை ஏற்கெனவே பார்த்தவர்கள் உண்டு. இனி வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் வரும். வரட்டுமே, பணம் இருப்பவர்கள் குடித்துவிட்டுப் போகட்டும், நமக்கென்ன என்று மாட்டுங்காவில் டவராவை ஆற்றிக்கொண்டே ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் இந்தச் சின்னச் சிமிழுக்குள் மூன்று பேருடைய கணக்கு அடங்கியிருக்கிறது: குடிப்பவருடைய கணக்கு, காபி விளைவிப்பவருடைய கணக்கு, கடைசியில் குப்பையிலிருந்து அதைப் பொறுக்குபவருடைய கணக்கு. மூன்றில் இரண்டு கணக்குகள் தமிழர்களுக்கு நெருக்கமானவை.

முதலில் குடிப்பவர். ஒரு காப்ஸ்யூல் 50 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே இருப்பது ஐந்து கிராம் தூள். அப்படியானால் காபித் தூள் கிலோ 10,000 ரூபாய்! மாட்டுங்காவில் கண்ணெதிரே வறுத்து, கண்ணெதிரே அரைத்துத் தரும் கடையில் நல்ல தூளைக் கிலோ 1,000 ரூபாய்க்கு வாங்குவதாகக் கொண்டாலும், பத்து மடங்கு வித்தியாசம். மிச்சப் பணம் எதற்குப் போகிறது? சிமிழுக்கு, மெஷினுக்கு, கப்பலுக்கு, கண்ணாடி பளபளக்கும் கடைக்கு, விளம்பரத்துக்கு. எல்லாவற்றையும்விட, சலுகைக்கு. தூள் அளக்கிற வேலை, டிகாக்‌ஷன் இறங்கக் காத்திருக்கிற வேலை, பில்டரைக் கழுவுகிற வேலை இவற்றிலிருந்து விடுதலை. இந்த விடுதலைக்கு விலை உண்டு என்பதை வியாபாரிகள் நன்றாகவே புரிந்துவைத்திருக்கிறார்கள்.

இதைக் கண்டுபிடித்தவர் எரிக் ஃபாவ்ர் என்ற சுவிட்சர்லாந்து எஞ்சினியர். நெஸ்லேயில் வேலை பார்த்தவர். 1976ல் காப்புரிமை பதிவானது; 1986ல் நெஸ்பிரஸோ தனி நிறுவனமானது. ஆரம்ப வருடங்களில் விற்பனை சொல்லிக்கொள்ளும்படி இல்லை. பிறகு வழி தெரிந்தது. சவர ரேசரைச் சல்லிசாகக் கொடுத்துவிட்டு, பிளேடில் லாபம் பார்க்கிற பழைய வித்தைதான். மெஷினை வாங்கியவர் அதே கம்பெனியின் காப்ஸ்யூலைத்தான் வாங்கியாக வேண்டும். இன்று நெஸ்பிரஸோவின் ஆண்டு விற்பனை 600 கோடி சுவிஸ் பிராங்குக்கு மேல். 2012 வாக்கில் முக்கியக் காப்புரிமைகள் காலாவதியாகத் தொடங்கியதும் மற்றவர்களும் அதே அளவில் காப்ஸ்யூல் செய்ய ஆரம்பித்தார்கள். போட்டியாளர்களுக்கு முட்டுக்கட்டை போடுவதாக எழுந்த புகாரில், 2014ல் பிரான்சின் போட்டி ஆணையம் நெஸ்பிரஸோவிடம் உறுதிமொழிகள் பெற்றது. மெஷினில் மாற்றம் செய்தால் போட்டியாளர்களுக்கு முன்கூட்டியே தகவல் தர வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. ஒரு பூட்டு, ஒரே சாவி என்ற வியாபாரத்தில் நுகர்வோருக்கு இருக்கும் ஆபத்துக்கு இது நல்ல உதாரணம். மெஷின் வாங்கும்போது காபி வாங்குவதாக நினைக்கிறோம். உண்மையில் ஒரு சந்தாவுக்குக் கையெழுத்துப் போடுகிறோம்.

இதற்கு நேர் எதிரானது மும்பையின் காபி வரலாறு. காபியை மக்கள் பானமாக்க அன்றைய காபி வரிக் குழு முதல் 'இந்தியா காபி ஹவுஸ்' திறந்தது மும்பையில்தான், 1936ல், சர்ச்கேட்டில். ஆள் பிடிக்க வேண்டியிருந்தது. டீயும் இரானி ஹோட்டலும் கோலோச்சிய ஊர் அது. பிறகு 1950களில் காபி வாரியம் இந்த ஹவுஸ்களை மூட முனைந்தபோது, ஏ.கே. கோபாலன் தூண்டுதலில் தொழிலாளர்களே கூட்டுறவுச் சங்கம் அமைத்து அவற்றை எடுத்து நடத்தினார்கள். 1957ல் பெங்களூரில் முதல் சங்கம். காபி விற்றவர்களே காபிக் கடைக்கு முதலாளிகள் ஆனார்கள். உலகக் காபி வியாபாரத்தில் இப்படி அடிக்கடி நடப்பதில்லை.

மாட்டுங்காவின் கதை தனி. ரயில்வேயிலும் கம்பெனி ஆபீஸ்களிலும் டைப் அடிக்கவும் கணக்கெழுதவும் வந்த தென்னிந்தியர்கள் குடியேறிய பேட்டை. அவர்களைத் தொடர்ந்து உடுப்பிக்காரர்கள் வந்தார்கள். 1940 என்று பெயர்ப் பலகையில் போட்டிருக்கும் கஃபே மெட்ராஸ் வாசலில் ஞாயிற்றுக்கிழமை காலை காத்திருக்கும் கூட்டத்தில் இன்று குஜராத்தியும் மராட்டியரும்தான் அதிகம். காபிப் பொடிக் கடைகளில் 'பீபெரி பாதி, பிளான்டேஷன் பாதி, சிக்கரி இருபது' என்று சொன்னால் சொன்னபடி கலந்து அரைத்துத் தருவார்கள். வாடிக்கையாளர் விரும்பினால் நாளைக்கே வேறு கடைக்குப் போகலாம். அவர் வீட்டு பில்டர் எந்தக் கடைத் தூளையும் மறுப்பதில்லை. அந்த பில்டரும் அம்மாவிடமிருந்து மகளுக்குப் போவது. முப்பது வருடம் உழைத்த பித்தளை பில்டரைப் பழைய பாத்திரக்காரரிடம் போட்டால் எடைக்குக் காசு தருவார். செம்பூருக்கும் முலுண்டுக்கும் குடிபெயர்ந்தவர்கள் இன்றும் பொடி வாங்க மாட்டுங்காவுக்கு ரயில் ஏறி வருவதற்குக் காரணம் வெறும் ஏக்கம் அல்ல. கிலோவுக்கு என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கும் பழக்கம். 'கலவைத் தூளில் சிக்கரி 49 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, எவ்வளவு என்று பாக்கெட்டில் அச்சிட வேண்டும்' என்று சட்டம் சொல்கிறது. மாட்டுங்கா மாமிக்குச் சட்டம் தேவைப்படவில்லை, மூக்கே போதும்.

இரண்டாவது கணக்கு, விளைவிப்பவருடையது. இங்கேதான் விஷயம் கசக்கிறது.

ஒரு காபிச் செடிகூட வளராத சுவிட்சர்லாந்து, தன் புகழ்பெற்ற பாலாடைக்கட்டியையும் சாக்லேட்டையும்விடக் காபி ஏற்றுமதியில் அதிகம் சம்பாதிக்கிறது. பச்சைக் கொட்டையை மூட்டை மூட்டையாக இறக்கி, வறுத்து, அரைத்து, சிமிழில் அடைத்து அனுப்புகிறார்கள். நெஸ்பிரஸோ காப்ஸ்யூல்கள் தயாராவது அந்த நாட்டின் மூன்று ஆலைகளில்தான். இந்தியக் கொட்டையை 2011 முதலே வாங்கிவருவதாக நிறுவனம் சொல்கிறது. ஆக, நம் மலையில் பறித்த பழம் கடல் கடந்து ஐரோப்பாவுக்குப் போய், அலுமினியச் சட்டை போட்டுக்கொண்டு, பத்து மடங்கு விலையுடன் நம்மிடமே திரும்பி வருகிறது. பருத்தியைக் கொடுத்து மில் துணி வாங்கிய நாட்டுக்கு இந்தக் கதை புதிதல்ல.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். வறுக்கும்போது எடை குறையும் என்பதால் ஐந்து கிராம் தூளுக்குச் சுமார் ஆறு கிராம் பச்சைக் கொட்டை வேண்டும். கொட்டை கிலோ 500 ரூபாய் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஆறு கிராமின் விலை 3 ரூபாய். 50 ரூபாய் காப்ஸ்யூலில் தோட்டத்துப் பக்கம் போவது 6 சதவீதம். அதே கொட்டை மாட்டுங்கா கடைக்கு வந்தால்? ஒரு கிலோ தூளுக்கு 1,200 கிராம் கொட்டை, 600 ரூபாய். சிக்கரி கலக்காத 1,000 ரூபாய்த் தூளில் 60 சதவீதம். காப்ஸ்யூல் கம்பெனிகள் தரமான கொட்டைக்குச் சந்தை விலைக்கு மேல் கொடுப்பதுண்டு என்பது உண்மை. சந்தை விலையைவிடக் கால் பங்கு கூடக் கொடுத்தாலும் 3 ரூபாய் 3.75 ஆகும், 50ல் அது பெரிய மாற்றமில்லை.

இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் மூன்றரை லட்சம் டன் காபி விளைகிறது. எழுபது சதவீதம் கர்நாடகம், பிறகு கேரளம், அதன் பின் ஏற்காடு, பழனி மலை, நீலகிரி, வால்பாறை என்று தமிழ்நாடு. காபி விவசாயிகளில் நூற்றுக்கு 98க்கு மேல் சிறு விவசாயிகள். மொத்த விளைச்சலில் பெரும்பங்கு ஏற்றுமதி ஆகிறது. வாங்குபவர்களில் இத்தாலி, ஜெர்மனி, பெல்ஜியம் என்று ஐரோப்பாவே முன்வரிசை. 1996 வரை விளைச்சல் காபி வாரியத்தின் பொதுத் தொகுப்புக்குப் போனது. பணம் தவணை தவணையாக வந்தது. தாராளமயம் விவசாயிக்குச் சந்தையைத் திறந்துவிட்டது. சந்தை அவருக்கு இரண்டு முகத்தையும் காட்டியது. 2001, 2002ல் உலக விலை அதலபாதாளத்தில் விழுந்தபோது குடகு தத்தளித்தது. பிரேசில் வறட்சியும் வியட்நாம் விளைச்சல் குறைவும் சேர்ந்து 2025 தொடக்கத்தில் அராபிகா ராத்தலுக்கு 4 டாலரையும், ரோபஸ்டா டன்னுக்கு 5,000 டாலரையும் தாண்டியபோது சிரித்தது. இந்த ஏற்ற இறக்கம் எதிலும் காப்ஸ்யூலின் விலை அதே வேகத்தில் ஆடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கொட்டை விலை பாதியானாலும் சிமிழின் விலையில் ஒன்றரை ரூபாய்தான் வித்தியாசம். குடிப்பவருக்கு விலை வீழ்ச்சியின் பலன் வராது. விளைவித்தவருக்கு விலை ஏற்றத்தின் பங்கு கொஞ்சம்தான். நடுவில் இருப்பவருக்குத்தான் நிம்மதி.

ஐரோப்பாவையே நம்பியிருப்பதில் இன்னொரு சங்கடமும் உண்டு. 2020க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்த காபியை உள்ளே விடமாட்டோம் என்று ஐரோப்பிய யூனியன் 2023ல் சட்டம் போட்டது. அமலாகும் நாள் ஒருமுறைக்கு இருமுறை தள்ளிப்போடப்பட்டது. நோக்கம் உயர்ந்ததுதான். ஆனால் ஒவ்வொரு தோட்டமும் எந்த அட்சரேகை, எந்தத் தீர்க்கரேகையில் இருக்கிறது என்று காட்ட வேண்டும். பெரிய எஸ்டேட்டுக்கு இது ஒரு குமாஸ்தாவின் வேலை. மர நிழலில் மிளகுக் கொடியோடு இரண்டு ஏக்கரில் காபி வைத்திருப்பவருக்கு இது பெரிய மலை. காட்டைக் காப்பாற்றி நிழலில் காபி வளர்த்தவரே, காட்டை அழிக்கவில்லை என்று நிரூபிக்க அலைய வேண்டிய நிலை.

நம் பக்கம் ஒரு பாதுகாப்பு இருந்தது. வெளிநாட்டுக் காபிக்கு இந்தியா நெடுங்காலமாக 100 சதவீத அடிப்படைச் சுங்க வரி விதித்து வந்திருக்கிறது. சுவிட்சர்லாந்து உள்ளிட்ட நான்கு ஐரோப்பிய நாடுகளுடன் 2024ல் கையெழுத்தான வர்த்தக ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. சுவிஸ் சரக்குகளுக்கு எதிரான வரிச் சுவர் இனி உயரப் போவதில்லை, தாழத்தான் போகிறது. வரட்டும், போட்டி நல்லது. ஆனால் சிமிழில் அடைக்கிற லாபமான வேலையை இந்தியாவிலேயே செய்ய முடியாதா என்ற கேள்வியை இப்போதே கேட்க வேண்டும். முடியும் என்பதற்கு இன்ஸ்டன்ட் காபியே சாட்சி. ஆந்திரத்தின் குண்டூர் மாவட்டத்தில் தொழிற்சாலை வைத்திருக்கும் சி.சி.எல். நிறுவனம், உலகின் பல பிராண்டுகளுக்கு இன்ஸ்டன்ட் காபி தயாரித்துக் கொடுக்கிறது. கொட்டையாக அனுப்பினால் ஒரு விலை, தூளாக அனுப்பினால் வேறு விலை என்பது அவர்களுக்குப் புரிந்திருக்கிறது.

மூன்றாவது கணக்குக்கு வருவோம். இதைப் போட மும்பையைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது.

மித்தி நதியின் ஒரு கரையில் பாந்த்ரா குர்லா வளாகம். வங்கிகள், வைரச் சந்தை, வெளிநாட்டுத் தூதரகங்கள். காப்ஸ்யூல் மெஷின் அதிகம் வரப்போவது இத்தகைய இடங்களுக்குத்தான். மறுகரையில் தாராவி. தோல் பதனிட வந்த திருநெல்வேலிக்காரர்களும் பானை வனைய வந்த குஜராத்திகளும் சேர்ந்து உருவாக்கிய தாராவியில், பதின்மூன்றாம் காம்பவுண்டு என்ற பகுதிதான் மும்பைக் குப்பையின் பெரிய பட்டறை. பிளாஸ்டிக்கை நிறம்வாரியாக, ரகம்வாரியாகப் பிரித்து, நொறுக்கி, கழுவி, உருக்கி மணிகளாக்குகிறார்கள். அலுமினியத்தைச் சின்ன உலைகளில் உருக்கிப் பாளங்களாக வார்க்கிறார்கள். அரசாங்கத்தின் சல்லிக் காசு இல்லாமல் நடக்கும் இந்த மறுசுழற்சி ஒரே ஒரு விதிக்குக் கட்டுப்பட்டது: காசு பெறும் பொருள் மட்டுமே பொறுக்கப்படும்.

அலுமினியம் காசு பெறும் பொருள்தானே? ஆம். தாதுவிலிருந்து புதிதாக எடுப்பதைவிடப் பழையதை உருக்கினால் 95 சதவீத மின்சக்தி மிச்சம் என்று காப்ஸ்யூல் கம்பெனிகள் சொல்வது சரிதான். ஆனால் பொறுக்குபவர் கையில் தராசு வேறு மாதிரி பேசுகிறது. ஒரு குளிர்பான கேன் சுமார் 14 கிராம். எழுபது கேன் சேர்த்தால் ஒரு கிலோ. காலால் ஒரு மிதி, சாக்கில் போட்டால் வேலை முடிந்தது. ஒரு காப்ஸ்யூலின் அலுமினியம் சுமார் ஒரு கிராம். ஒரு கிலோவுக்கு ஆயிரம் சிமிழ் வேண்டும். ஒவ்வொன்றிலும் அலுமினியத்தைப் போலப் பத்து மடங்கு எடையுள்ள ஈரக் காபிச் சக்கை. அதைக் கிழித்து, உதறி, காயவைத்தால்தான் உலையில் போட முடியும். உருகிய அலுமினியத்தில் ஈரம் விழுந்தால் நீராவி வெடித்துச் சிதறும். சக்கை எரிந்தால் புகை. தகடு மெல்லியது என்பதால் உருகும்போதே ஒரு பகுதி கசடாகப் போய்விடும். ஆயிரம் சிமிழைக் கிழித்துச் சுத்தம் செய்யும் நேரத்தில் சம்பாதிக்கக்கூடியதோ ஒரு கிலோ பழைய அலுமினியத்தின் விலை. எந்தப் பெண் இதை மெனக்கெட்டுப் பொறுக்குவாள்? பிளாஸ்டிக் காப்ஸ்யூல் இன்னும் மோசம். பிளாஸ்டிக், அதற்குள் வேறு ரகப் பிளாஸ்டிக் அடுக்கு, மேலே அலுமினிய மூடி. பிரிக்கவும் முடியாது, விற்கவும் முடியாது.

இந்தப் படத்தை நாம் ஏற்கெனவே பார்த்திருக்கிறோம். ஷாம்பூவைச் சின்னச் சாஷேயில் அடைத்து ஏழைக்கும் எட்டும்படி செய்யலாம் என்று நாட்டுக்கு வழி காட்டியது கடலூர். சின்னி கிருஷ்ணன் தொடங்கிவைத்ததை அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 'சிக்' ஷாம்பூ மூலம் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார். வியாபாரப் பாடநூல்களில் இடம்பிடித்த அற்புதமான யோசனை அது. இன்ஸ்டன்ட் காபியும் அதே வழியில் சாஷேக்கு வந்தது. ஆனால் பல அடுக்குகள் ஒட்டிய அந்தத் துண்டுப் பாக்கெட்டை யாரும் பொறுக்கவில்லை, பொறுக்கினால் காசில்லை. சாக்கடையை அடைத்தது, ஆற்றில் மிதந்தது. நல்ல யோசனை ஊரெங்கும் பரவி நாற்பது வருடம் கழித்து, தயாரிப்பாளர்தான் குப்பைக்கும் பொறுப்பு என்று 2016ன் பிளாஸ்டிக் கழிவு விதிகளும் அதன் திருத்தங்களும் சொல்ல ஆரம்பித்தன. சாஷே ஏழையின் சௌகரியம். காப்ஸ்யூல் பணக்காரரின் சாஷே. முன்னதற்காவது ஒரு நியாயம் இருந்தது. முழு பாட்டில் வாங்கப் பணமில்லாதவருக்கு வேறு வழியில்லை.

பொறுக்கப்படாத சிமிழ் எங்கே போகும்? செம்பூர்க்காரர்களுக்குப் பதில் தெரியும். சேடா நகர் முருகன் கோயிலிலிருந்தும் ஃபைன் ஆர்ட்ஸ் சபாவிலிருந்தும் வெகு தூரத்தில் இல்லை தேவனார் குப்பைமேடு. 1927 முதல் மும்பை தன் கழிவைக் கொட்டிவந்த இடம். 2016 ஜனவரியில் தீப்பிடித்து எரிந்தபோது புகை நகரத்தையே மூடியது. பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். மும்பை இன்றும் தினமும் 6,000 டன்னுக்கு மேல் குப்பை போடுகிறது. அதில் காப்ஸ்யூல் இப்போதைக்குக் கடுகளவு. சாஷேயும் ஒரு காலத்தில் கடுகளவுதான்.

இதில் ஒரு விபரீதத் திருப்பம் இருக்கிறது. தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தின் ஏலத்தை 2022ல் அதானி குழுமம் வென்றது. தாராவிக்குள்ளேயே வீடு பெறத் தகுதியில்லாதவர்களைக் குடியமர்த்த, மற்ற இடங்களோடு தேவனாரில் 124 ஏக்கரையும் அரசு ஒதுக்கியது. நூறு வருடக் குப்பையை அகற்றிவிட்டு அங்கே வீடு கட்ட வேண்டும். அதாவது, குப்பையைத் தங்கமாக்கிய ஆட்களில் ஒரு பகுதியினர் குப்பைமேட்டின் மீதே குடியேறக்கூடும். மாசு உண்டாக்காத தொழில்களுக்குப் புதிய தாராவியில் இடம் உண்டு என்கிறார்கள். அலுமினிய உலை எந்தப் பட்டியலில் வரும் என்று பதின்மூன்றாம் காம்பவுண்டில் யாரையும் கேட்க வேண்டியதில்லை. அந்தப் புகை ஆரோக்கியமானது என்று யாரும் வாதாட மாட்டார்கள். அதைச் சுவாசிப்பவர்களும் கூட. ஆனால் உலையை மூடுவது எளிது. அது செய்துவந்த வேலையை யார் செய்வார்கள் என்பதற்குப் பதில் வேண்டும். மறுசுழற்சி செய்கிற கைகளை ஊரை விட்டுத் தள்ளிக்கொண்டே, மறுசுழற்சி செய்யலாம் என்று அச்சடித்த சிமிழ்களை ஊருக்குள் வரவேற்பது விசித்திரமான திட்டமிடல்.

காப்ஸ்யூல் தரப்பு வாதத்தையும் கேட்க வேண்டும். அது லேசான வாதமல்ல. காபியால் வரும் கரியமில வாயுவில் பெரும்பகுதி சிமிழால் அல்ல, தோட்டத்தில் உரத்தாலும் நீராலும் வருவது. வீட்டில் தூளையும் வெந்நீரையும் வீணடிப்பவரைவிட அளந்து போட்ட காப்ஸ்யூல்காரர் குறைவாகவே கெடுதல் செய்கிறார் என்று 2023ல் கனடாவின் கியூபெக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்குக் காட்டினார்கள். பெரிய ஜக்கில் காபி போட்டு, பாதியைத் தொட்டியில் ஊற்றுகிற அமெரிக்கச் சமையலறைக்கு இது பொருந்தும். மாட்டுங்கா சமையலறைக்குப் பொருந்துமா? முதல் டிகாக்‌ஷன் விருந்தாளிக்கு, இரண்டாவது டிகாக்‌ஷன் வீட்டுக்காரர்களுக்கு, சக்கை துளசி மாடத்துக்கு என்று வைத்திருக்கும் வீட்டில் வீணாக எது மிச்சம்? தவிர, அந்த ஆய்வு கரியைத்தான் எடைபோட்டது. தெருவில் கிடக்கும் சிமிழை யார் எடுப்பது என்பதை அல்ல.

காப்ஸ்யூல் கம்பெனிகள் சும்மா இருக்கவில்லை. பழைய சிமிழைத் திருப்பித் தரப் பை கொடுக்கிறார்கள், கடையில் வாங்கிக்கொள்கிறார்கள். அப்படியும் உலக அளவில் மறுசுழற்சிக்கு வருவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு என்பது நெஸ்பிரஸோவே முன்பு சொன்ன கணக்கு. மக்கும் சிமிழ்கள் வந்திருக்கின்றன. அவற்றில் பல, 60 டிகிரி சூட்டில் இயங்கும் ஆலையில்தான் மக்கும். மும்பைத் தெருவோரம் அந்தச் சூடு மே மாதத்தில்கூட இல்லை. சுவிட்சர்லாந்தின் மிக்ரோ நிறுவனம் 2022ல் சிமிழே இல்லாத காபி உருண்டையைக் கொண்டுவந்தது. இது கவனிக்க வேண்டிய முயற்சி. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரம் 2016ல் வேறு வழியில் போனது. ஆறு கிராம் காபிக்கு மூன்று கிராம் உறை அநியாயம் என்று சொல்லி, அரசு அலுவலகங்களுக்குக் காப்ஸ்யூல் வாங்குவதை நிறுத்தியது. யாரும் குடிக்கக் கூடாது என்று சொல்லவில்லை. வரிப்பணத்தில் குடிக்காதே என்றது. அவ்வளவுதான்.

நாம் என்ன செய்யலாம்? தடை கேட்பது வீண். மகாராஷ்டிரம் 2018ல் பிளாஸ்டிக்குக்குத் தடை போட்டது. காய்கறிக்காரரின் பையில் அந்தத் தடை எவ்வளவு நாள் தங்கியது என்று மாட்டுங்கா மார்க்கெட்டில் கேட்டால் தெரியும். நல்ல வழி தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. டாஸ்மாக் காலி பாட்டில்களால் நீலகிரியில் யானைகளின் கால்கள் கிழிகின்றன என்று சென்னை உயர்நீதிமன்றத்தில் பிரச்னை எழுந்தது. நீதிமன்றத்தின் கண்டிப்பில் 2022ல் அங்கே ஒரு திட்டம் வந்தது. பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கு. காலி பாட்டில் வந்தால் திருப்பிக் கொடு. பெரும்பாலான பாட்டில்கள் திரும்பி வந்தன. குடித்தவர் கொண்டுவராவிட்டால் வேறொருவர் பொறுக்கிக் கொண்டுவந்தார். பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் அது பரவியது. குடிமகன்களிடமே பலித்த திட்டம் கோட் சூட் போட்டவர்களிடம் பலிக்காதா?

ஒரு சிமிழுக்கு 5 ரூபாய் டெபாசிட் என்று வையுங்கள். 50 ரூபாய் கொடுப்பவருக்கு அது பெரிதல்ல. ஆனால் பொறுக்குபவரின் கணக்கு தலைகீழாகிறது. நூற்றுச் சொச்சம் ரூபாய்க்கு ஆயிரம் சிமிழ் கிழித்தவருக்கு இப்போது இருபது சிமிழிலேயே 100 ரூபாய் கிடைக்கும். சக்கை பிரித்துக் காயவைக்கும் வேலை கம்பெனியின் தலையில் விழும். சிமிழை எளிதில் பிரியும்படி செய்ய வேண்டும் என்ற அக்கறை அப்போதுதான் அவர்களுக்குப் பிறக்கும். கூடவே, இந்தியாவில் விற்கும் காப்ஸ்யூலை இந்தியாவில், இந்தியக் கொட்டையில் நிரப்பினால் சலுகை என்று அரசு சொல்லலாம். அதைச் சொல்ல வேண்டிய காபி வாரியம் 1942 முதல் இருக்கிறது. அலுவலகங்களுக்கு ஹாம்பர்க் வழி காட்டிவிட்டது. காப்ஸ்யூல் இன்னும் சில லட்சம் வீடுகளுக்குப் போகும் முன்பே இதையெல்லாம் செய்தால் செலவு குறைவு. சாஷேக்கு நாற்பது வருடம் தாமதித்தோம்.

வீட்டில் மெஷின் வாங்குவதா என்று யோசிப்பவருக்கு ஒரு வார்த்தை. டிகாக்‌ஷன் இறங்க ஆகும் நேரம் பத்துப் பதினைந்து நிமிடம். இரவே போட்டு வைத்தால் அதுவும் இல்லை. அந்த நேரத்தை மிச்சம் பிடிக்க வீட்டுக்குள் நான்கு பேர் நாளைக்கு இரண்டு வேளை குடித்தால், வருடத்துக்கு 2,920 சிமிழ். ஒன்றரை லட்சம் ரூபாயை நெருங்கும் செலவு. இந்தக் கணக்குச் சரிப்படுமானால் வாங்கலாம். ஆனால் 2,920 சிமிழும் எங்கே போகின்றன என்று கடைக்காரரிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டு வாங்குங்கள். வாடிக்கையாளர் கேட்காத கேள்விக்கு எந்தக் கம்பெனியும் பதில் தயாரித்து வைப்பதில்லை.